பாதிப் புலி

அத்திமரக் குளத்துப் பாறைமேல் மாரப்பன் என்ற குரங்கு தினமும் புலிவேஷம் கட்டி ஆடும். உடம்பெல்லாம் செம்மண், அதன்மேல் கரிக்கோடு. எல்லார் கண்முன்னால்தான் பூசிக்கொள்ளும். அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். ஆட்டம் பிடித்தவர்கள் நாவற்பழம் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஒருநாள் பாறைக்கு முன்னால் ஓர் ஆமை மட்டும் இருந்தது. அதுவும் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லாம் கரையில், செல்லாயி என்ற நண்டைச் சுற்றி நின்றார்கள். ஈரமணலில் அது புலிப்படம் கீறியிருந்தது. ஒன்றல்ல, வரிசையாக நூறு. ஒவ்வொன்றிலும் கால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பக்கத்திலேயே ஓடிக்கொண்டு பார்த்தால் புலியும் கூடவே ஓடும்.

அதிகம் ஓடியது பொட்டு என்ற மான்குட்டிதான். அதன் அம்மாவை இதே கரையில் புலி அடித்தது. அன்றிலிருந்து குளத்துப் பக்கமே வராமல், இலையில் படியும் பனியை நக்கியே மெலிந்து கிடந்தது. மணல்புலியோடு ஓடி ஓடித்தான் பயம் தெளிந்து, இப்போது தண்ணீரில் வாய்வைக்கிறது.

மாரப்பன் அதையெல்லாம் எங்கே பார்த்தது? அதற்கு வயிறு எரிந்தது. ஆமையை எழுப்பிப் புலம்பியது.

“குளம் எதிரே நிக்கிறதைக் காட்டுது. நண்டு எதிரே இல்லாததைக் கீறிக் காட்டுது. ரெண்டுக்கும் உயிர் உண்டா? நான் உடம்பைக் கொடுத்து ஆடுறேன். எனக்கு நீ ஒருத்தன்!”

நிழல், கோடு, வேஷம் எல்லாமே நகல்தானே, இதில் உசத்தி என்ன தாழ்த்தி என்ன என்று ஆமை கொட்டாவி விட்டது.

நகல் என்ற சொல் மாரப்பனைச் சுட்டுவிட்டது. நிஜப்புலி என்றே நம்பவைக்க, மறுநாள் புதருக்குள் ஒளிந்து வேஷம் கட்டியது. பொட்டு குனிந்து குடிக்கும் நேரம் பார்த்து உறுமிக்கொண்டு பாய்ந்தது.

காடே சிதறி ஓடியது. மணல்புலிகள் மிதிபட்டு அழிந்தன. மாரப்பன் கைதட்டலுக்குக் காத்து நின்றது. தட்ட யார் இருக்கிறார்கள்? ஆமைகூட ஓட்டுக்குள் போய்விட்டது.

மூன்று நாள் பொட்டு வரவில்லை. நான்காம் நாள் அது ஒரு புதரடியில் நாக்கு வறண்டு கிடந்ததைப் பார்த்ததும் மாரப்பனுக்குப் பகீரென்றது. செல்லாயியிடம் ஓடிப்போய், திரும்பக் கீறச் சொல்லிக் கெஞ்சியது.

“நான் கீறுற புலியை இனி அது நம்பாது. நீ வச்ச பயம், நீயே எடு,” என்றது நண்டு.

மாரப்பன் செம்மண்ணும் கரியும் எடுத்துக்கொண்டு போய், பொட்டுக்கு எதிரே தள்ளி உட்கார்ந்தது. மெதுவாக, தன் உடம்பில் ஒவ்வொரு கோடாக இழுத்தது. பாதிப் புலியானபோது பொட்டு தள்ளாடி எழுந்து கிட்டே வந்தது.

“மூக்குல விட்டுப்போச்சு மாமா.”

மூக்கிலும் பூசிக்கொண்டு மாரப்பன் உறுமியது. பொட்டு சிரித்துவிட்டது. அந்தப் புலியின் பின்னாலேயே நடந்து போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. அப்போதும் மாரப்பன், திரும்பி வந்தவர்களில் நண்டைச் சுற்றி எத்தனை பேர் என்று ஓரக்கண்ணால் பார்க்கத்தான் செய்தது.

வேஷம் என்று தெரிந்தால்தான் புலியும் பயத்தைத் தீர்க்கும்; பொறாமையால் அதை மறைப்பவனுக்குக் கலையும் மிஞ்சாது, கைதட்ட ஆளும் மிஞ்சாது.