வழிக்காத பானை

வயிற்றைத் துறந்த சாமியாரை இதுவரை யாரும் கண்டதில்லை. மேலக்கரை மடத்துக்காரர்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? காலையில் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடப்பார்கள். உச்சிவேளை மணி அடித்ததும் ஒரு நாள் சோற்றையும் ஒரே வேளையில் ஒரு பிடி பிடிப்பார்கள். பிறகு பாடம் கேட்க உட்கார்ந்தால் ஒவ்வொரு தலையாகத் தொங்க ஆரம்பிக்கும்.

அதிகம் தூங்கி விழுந்தவர் திருமேனி. மளிகைக் கடையில் தராசு பிடித்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு துறவுக்கு வந்தவர். குரு ஏகாம்பர அடிகளைவிட வயதில் மூத்தவர். சின்னவர் பாடம் சொல்ல, பெரியவர் குறட்டை விடுவது அவருக்கே கூச்சமாக இருந்தது.

சித்திரையில் மடைப்பள்ளி தன் பொறுப்புக்கு வந்ததும் திருமேனி ஒரு காரியம் செய்தார். ஒரு நாளைக்கு அளக்கும் அரிசியை ஐந்து வேளைக்குப் பங்கிட்டார். விடிந்ததும் கஞ்சி, வெயில் ஏறும்போது ஓர் உருண்டை, உச்சியில் கொஞ்சம், பொழுது சாயும்போது கொஞ்சம், படுக்கும்முன் கொஞ்சம். அரிசி ஒரு மணிகூடக் கூடவில்லை. ஆனால் பாடத்தில் ஒருவரும் தூங்கவில்லை. எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள். அடிகள் மட்டும் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

ஐந்து வேளைக்குச் சின்னச் சட்டியே போதும். பெரிய பானை பரணுக்குப் போயிற்று.

அந்தப் பானைக்கு மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அகப்பை போட்டு அதை வழிக்கக் கூடாது. மிச்சச் சோற்றோடும் அடியில் பிடித்த காந்தலோடும் புழக்கடையில் வைத்துவிடுவார்கள். முப்பிடாதி என்பவள் மகள் பேச்சியோடு வந்து கழுவி வைப்பாள். வெள்ளைச் சோற்றை மகளுக்கு ஒதுக்கிவிட்டு, காந்தலைத் தான் எடுத்துக்கொள்வாள். கழுவுகிறவளுக்கு அடியில் கிடப்பது சொந்தம். அதனால் அவளை யாரும் பிச்சைக்காரி என்று சொன்னதில்லை. அவளும் கை நீட்டி நின்றதில்லை.

“இனி நீ சிரமப்பட வேண்டாம் தாயி. சின்னச் சட்டிதான், நாங்களே கழுவிக்கிடுதோம்” என்று அவளிடம் சொன்னவர் திருமேனிதான். ஒரு நல்லது செய்துவிட்ட நினைப்பு அவருக்கு.

வழித்துத் துடைத்திருந்த சட்டிகளை அவள் பார்த்தாள். “சரி சாமி” என்று பேச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டு வாங்கிப் பழகாதவள் வேறென்ன சொல்லுவாள்? அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. களையெடுக்கக்கூட யாரும் ஆள் கூப்பிடவில்லை.

ஆடி போய் ஐப்பசி வந்தது. அதற்குமேல் திருமேனியால் பொறுக்க முடியவில்லை. ஊரே பாராட்டினாலும் குரு வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்.”

“இந்தச் சாப்பாட்டு முறையைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலியே. இதிலே ஏதும் குறை உண்டா?”

அடிகள் புழக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்குப் பெரிய பானையை இறக்கும். ஒரே வேளையா ஆக்கும்.”

“மறுபடியும் தூங்கி விழுவோமே, சாமி.”

“விழுவோம்.”

மறுநாள் பானை இறங்கியது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தார்கள். திருமேனியின் கை பழக்கத்தில் அகப்பையை எடுத்தது.

“வழிக்காதீரும். வெளியே வையும்.”

வைத்தார். வெயில் சாய்ந்தது. காக்காய்களைத் தவிர யாரும் வரவில்லை.

“போய்க் கூட்டிட்டு வாரும்” என்றார் அடிகள்.

வாய்க்காலைத் தாண்டிப் போனார் திருமேனி. முப்பிடாதி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதலில் அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அவ்வளவு வற்றிப்போயிருந்தாள்.

“பானை கழுவணுமா, சாமி?”

“ஆமா தாயி. பேச்சி எங்கே?”

“ஆடியிலேயே போயிட்டா.”

திருமேனி குடிசைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன... என்ன சீக்கு?”

“காய்ச்சல்னு சொன்னாவ. காய்ச்சல் கடைசியிலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாலெல்லாம் பசிதான், சாமி.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள். புழக்கடையில் உட்கார்ந்து, பானைச் சோற்றை இலையில் வழித்துப் போட்டாள். காந்தல் இல்லாத வெள்ளைச் சோறாகப் பார்த்து ஓர் ஓரத்தில் ஒதுக்கினாள். ஒதுக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அதையும் காந்தலோடு சேர்த்து, இலையை மடித்து மடியில் கட்டிக்கொண்டாள். சாம்பலை எடுத்துப் பானையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

கதவோரம் நின்று திருமேனி பார்த்துக்கொண்டிருந்தார். ஓடி வந்து குருவின் காலில் விழப் போனார். அடிகள் பின்னால் நகர்ந்துகொண்டார்.

“என் காலிலே விழாதீரும்.”

“நான்தான் சாமி அவளை வர வேண்டாம்னு சொன்னேன். சோறும் வீணாகலை, வேலையும் மிச்சம்னு பெருமைப்பட்டேன். அந்தப் பிள்ளையை நான்தான்...”

வெளியே பானை தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று திருமேனி தலை நிமிர்ந்தார்.

“அவ வரலைங்கிறது உங்களுக்குத் தெரியுமா, சாமி?”

“மொத நாளே தெரியும்.”

“அப்பவே என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

அடிகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“கேக்கணும்னுதான் இருந்தேன். அஞ்சு வேளைச் சாப்பாட்டிலே வயிறு லேசா இருந்துச்சு, திருமேனியாரே. சுகமா இருந்துச்சு. கேக்காமலே இருந்துட்டேன்.”