வைன் மேல் போட்ட பழி

பாளையங்கோட்டையில் எபநேசர் என்று ஒரு பாலிடெக்னிக் ஆசிரியர் இருந்தார். இருபத்தாறு வருஷமாகக் கணினி ஆய்வகம் அவர் பொறுப்பு. ஐம்பத்திரண்டாவது வயதில் அவரும் ஒருவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அந்த ஒருவர் தஸ்லிமா, இருபத்தெட்டு வயது. எபநேசரிடமே முதலாண்டு படித்தவர்.

மேலப்பாளையத்தில் ஒரு படிப்பகத்தின் மாடியில் தஸ்லிமா ஞாயிறுதோறும் காலையில், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைச் சொல்லிக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் விசைப்பலகையை இழுத்துச் செய்து காட்டுவார். எபநேசர் அங்கே வரத் தொடங்கிய நாளிலிருந்து அவரை "நீங்க" என்றுதான் கூப்பிட்டார். "பழையபடி 'நீ'ன்னே சொல்லுங்க சார்" என்று தஸ்லிமா பலமுறை சொல்லிப் பார்த்தார். எபநேசர் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபிறகும் எபநேசர் உட்கார்ந்தே இருந்தார்.

"ஒரு சந்தேகம்" என்றார். "விண்டோஸ்ல ஓடுற ஒரு கேம். அதை லினக்ஸ்ல வைன் போட்டு ஓட்டுதோம். அதுல இருந்த பழைய ரெக்கார்டு எல்லாம் போயிரும், இல்லையா? வைன் அதை எடுத்துக்காது, இல்லையா?"

வைன் என்பது ஒரு மென்பொருள். விண்டோஸுக்கென்று எழுதியதை லினக்ஸில் ஓடவைக்கிற இடைக்கருவி. எபநேசருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததே தஸ்லிமாதான்.

"என்ன கேம் சார்?"

"பாட்டு ஓடும். நாலு வரிசையில புள்ளி புள்ளியா கீழ இறங்கி வரும். தாளத்துக்குச் சரியா நாலு விரலால கீயை அமுக்கணும்." பெயரையும் சொன்னார்.

தஸ்லிமா மூலையில் இருந்த பழைய விண்டோஸ் கணினியில் அந்த விளையாட்டை இறக்கினார். ஒரு பாட்டை எடுத்து விளையாடினார். மோசமாகத்தான் விளையாடினார். நாற்பத்தொரு சதவீதம் என்று திரை காட்டியது. பிறகு விளையாட்டு இருந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துத் தன் லினக்ஸ் மடிக்கணினியில் போட்டார். வைன் வழியாகத் திறந்தார்.

அதே பாட்டு. அதே தேதி. நாற்பத்தொரு சதவீதம்.

எபநேசர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதே" என்றார்.

"வரும் சார்."

தஸ்லிமா வேறொன்றும் கேட்கவில்லை. பென்டிரைவைக் கழற்றி மூடி போட்டு வைத்தார். அவர் கேட்டிருந்தால் எபநேசர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். கேட்காததால் முடியவில்லை.

"வரும்னு எனக்கும் தெரியும்" என்றார் எபநேசர்.

அப்புறம் நடந்ததைச் சொன்னார்.

சமாதானபுரத்தில் செண்பகவல்லி என்று ஒருவர். எபநேசர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலை பார்த்தவர். முப்பத்தொன்பதாவது வயதில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. விரலுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் பிசியோதெரபி டாக்டர். பந்தை அமுக்கி அமுக்கி அலுத்துப்போய், செண்பகவல்லியே இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். முடிந்த நாளெல்லாம் காலையில் ஒரு பாட்டு, இடது கையின் நாலு விரலும். இரண்டு வருஷத்தில் அறுநூற்றுப் பதினோரு ஆட்டம். ஒவ்வொன்றும் தேதியோடு, சதவீதத்தோடு அவருடைய மடிக்கணினியில் பதிந்திருந்தது. மாதம் ஒருமுறை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுவார்.

மடிக்கணினி பழையது. விண்டோஸ் திணறியது. லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று எபநேசர்தான் வலியப் போனார். புதிதாகக் கற்றதை யாருக்காவது செய்து காட்டவேண்டும் என்ற ஆசை.

"என் ரெக்கார்டு போயிராதே சார்?" என்று செண்பகவல்லி மூன்று தடவை கேட்டார். "எடுத்து வச்சாச்சு" என்றார் எபநேசர். பென்டிரைவில் போட்டுவிட்டுத்தான் மடிக்கணினியின் ஹார்டு டிஸ்கை முழுக்க அழித்தார்.

"அப்புறம் பென்டிரைவைத் திறந்து பாத்தேன்" என்று எபநேசர் நிறுத்தினார். "ஒரே ஒரு கேபி அளவுல ஒரு ஃபைல்தான் இருந்துச்சு."

தஸ்லிமாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று இருந்தார்.

"டெஸ்க்டாப்ல இருந்தது ஷார்ட்கட். ஃபோல்டர் இல்ல. ஷார்ட்கட்டை எடுத்து வச்சுட்டு ஃபோல்டரை அழிச்சுட்டேன்."

முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்தில் அவர் நடத்தும் பாடம் அது. ஷார்ட்கட் வேறு, கோப்பு வேறு. வீட்டுக்கு வழி சொல்கிற பலகையைத் தூக்கிக்கொண்டு போனால் வீடு கூடவே வந்துவிடாது என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொல்வார். பத்து வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் படத்தை நோட்டில் வரைந்தவர்தான் இப்போது எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அழிஞ்சதை மீட்கப் பாத்தீங்களா?"

"ரெண்டு நாள் பாத்தேன். அதுக்கு மேலயே லினக்ஸை எழுதியாச்சு. ஒண்ணும் வரல. கேமை மட்டும் புதுசா இறக்கிப் போட்டுக் குடுத்தேன்."

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"வைன் பழைய ரெக்கார்டை எடுத்துக்காது, லினக்ஸோட குணமே அப்படித்தான்னு சொன்னேன். அவங்களும் நம்பிட்டாங்க. 'பரவால்ல சார், உங்க மேல என்ன தப்பு'ன்னாங்க."

"மூணு வாரம் ஆச்சு" என்றார் எபநேசர். "அந்தத் தெரு வழியாப் போறதையே விட்டுட்டேன். சுத்தித்தான் போறேன்."

"சரி சார். இப்போ என்ன செய்யலாம்னு இருக்கீங்க?"

எபநேசர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார்.

"ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இந்த கேம் ரெக்கார்டை எப்படி எழுதி வைக்குதோ அதே மாதிரி எழுதும். அறுநூத்திப் பதினோரு வரி. தேதி எல்லாம் சரியா இருக்கும். எப்படியோ மீட்டுட்டேன்னு சொல்லிக் கொடுத்துட்டா அவங்களுக்கும் சந்தோஷம். ஒருத்தருக்கும் நஷ்டம் இல்ல. நீங்க ஒரு தடவை பாத்துச் சொன்னீங்கன்னா…"

தஸ்லிமா அந்தக் கோப்பைத் திறந்தார். நிதானமாக மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை எபநேசர் காத்திருந்தார். விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த பையன் மாதிரி இருந்தது அவருக்கு.

"முதல் நாள் எவ்வளவு போட்டிருக்கீங்க சார்?"

"ஒன்பது சதவீதம்."

"அவங்க சொன்னாங்களா?"

"இல்ல. நானா ஒரு குத்துமதிப்பா."

"கடைசி நாள்?"

"எண்பத்தி நாலு."

"விரல் மடங்கவே மாட்டேன்னு நின்ன நாள் இருந்திருக்கும்லா. அந்த நாள் எது சார்?"

எபநேசர் திரையைப் பார்த்தார். ஒன்பது, ஒன்பது புள்ளி ஒன்று, ஒன்பது புள்ளி இரண்டு, ஒன்பது புள்ளி நான்கு. அவர் எழுதிய புரோகிராம் நல்ல புரோகிராம். ஒரு படிகூடச் சறுக்காமல் எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"அப்படி ஒரு நாள் இதுல இல்ல" என்றார் மெதுவாக. "எல்லா நாளும் கூடிக்கிட்டேதான் போகுது."

தஸ்லிமா கோப்பை மூடிப் பென்டிரைவை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றோ அழித்துவிடுங்கள் என்றோ சொல்லவில்லை. ஜன்னல் கதவுகளைச் சாத்த எழுந்து போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எபநேசர் செண்பகவல்லி வீட்டு வாசலில் போய் நின்றார். அதற்குமுன் இரண்டு தடவை அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பினார்.

"வாங்க சார். ஆளையே காணும்" என்றார் செண்பகவல்லி. வலது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். இடது கை சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. மேசையில் மடிக்கணினி இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது.

எபநேசர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஷார்ட்கட்டைச் சொன்னார். வைன் மேல் பழி போட்டதைச் சொன்னார். போலியாக எழுதிய அறுநூற்றுப் பதினோரு வரிகளையும் சொன்னார்.

செண்பகவல்லி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ என் ரெக்கார்டு வந்திருக்கும்" என்றார் கடைசியில்.

"வந்திருக்கும்."

"டாக்டர்கிட்ட லினக்ஸ் மேலதான் தப்புன்னு சொன்னேன். அவரு இன்னும் ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்காரு, அதைப் போடாதீங்கன்னு."

"என்னை மன்னிச்சிருங்க. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் இப்படிப் பண்ணிட்டேன். அதைவிடப் பொய் சொன்னதுதான். மனசு கேக்கல, தூக்கம் இல்ல."

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். செண்பகவல்லி மேசைமேல் இருந்த துண்டைப் பார்த்தார்.

"நீங்க போட்டுக் குடுத்துட்டுப் போன மறுநாள் விளையாடிப் பாத்தேன்" என்றார். "முதல்ல இருந்து ஆரம்பிப்போம்னு. சத்தம் கொஞ்சம் பிந்தி வந்த மாதிரி இருந்துச்சு. சரியாத்தான் அமுக்குதேன், தப்பு தப்புன்னு காட்டுது. இருபது சதவீதம் கூட வரல. கைதான் திரும்பப் பழையபடி ஆயிட்டுன்னு நெனைச்சேன். மூடி வச்சுட்டேன்."

"எல்லாம் என்னாலதான்" என்றார் எபநேசர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க முகத்துல முழிக்கவே எனக்குத் தகுதி இல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு காரியம் நான் பண்ணினதே இல்ல. நீங்க நம்பணும்."

"சரி சார்."

"மனசுல வச்சுக்காதீங்க."

"சரி சார்" என்றார் செண்பகவல்லி மறுபடியும். காபி போடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எபநேசர் கிளம்பினார். வெளியே வரும்போது செருப்பு மாறிப்போய், தெருமுனை வரை நடந்தபின் திரும்பிவந்து மாற்றிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு எபநேசர் எல்லாருக்கும் முன்னாலேயே படிப்பக மாடிக்கு வந்துவிட்டார். தஸ்லிமா மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார் எபநேசர். "ஒண்ணு விடாம சொல்லிட்டேன்."

"நல்லது சார்."

"ஆனா கூச்சம் போகல. 'சரி சார், சரி சார்'னு மட்டும்தான் சொன்னாங்க. மன்னிச்சாங்களா இல்லையான்னே தெரியல. நேத்தும் அந்தத் தெருவைச் சுத்தித்தான் போனேன். இது எப்பம் போகும் தஸ்லிமா?"

தஸ்லிமா துணியை உதறிக் கம்பியில் போட்டார்.

"அவங்க வேற என்ன சொன்னாங்க?"

எபநேசர் யோசித்தார். தான் பேசியது வரி வரியாக நினைவிருந்தது. செண்பகவல்லி பேசியதைத் தேடி எடுக்கவேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னதைச் சொன்னாங்க. அப்புறம் மறுநாள் விளையாடிப் பாத்தாங்களாம். சத்தம் பிந்தி வருதாம். இருபது கூட வரலையாம். கை பழையபடி ஆயிட்டுன்னு மூடி வச்சுட்டாங்களாம்."

"ஏன் பிந்தி வருது சார்?"

"முதல்ல கரகரன்னு இரைச்சல் வந்துச்சு. அது தெரியாம இருக்க, சத்தத்தைக் கொஞ்சம் சேத்து வச்சு விடுற சவுண்டு பஃபரை ரொம்பக் கூட்டி வச்சேன். கூட்டினா சத்தம் பிந்தும்." சொல்லிக்கொண்டே வந்தவர் வேகம் குறைந்தார். "நான் வச்ச செட்டிங்தான்."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம்."

"அன்னைக்கு அங்க எவ்வளவு நேரம் இருந்தீங்க?"

"அரை மணி நேரம் இருந்திருப்பேன்."

"மடிக்கணினி?"

"முன்னாலதான் இருந்துச்சு. மேசைமேல."

தஸ்லிமா அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். குரலில் கடுமை ஒன்றும் இல்லை.

"அப்போ இன்னைக்குக் காலையில வரைக்கும் அவங்க கையிலதான் கோளாறுன்னு நெனைச்சுட்டு இருக்காங்க சார்."