குறுக்கே வராத பாலம்

மட்டிக்குறிச்சிக்காரர்களைப் பொல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்ன பேச்சைக் கேட்பார்கள், கேட்டபடியே செய்வார்கள். வம்பெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

அந்த ஊர் மணியக்காரர் குழந்தைவேலுவுக்கு ஒரே மகள், உலகம்மை. அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு மகன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். தாத்தா இன்னும் அவனைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான். ஆனால் எந்தக் காலத்திலோ வெள்ளம் வந்தபோது, ‘ஆற்றைப் பாலத்தின் வழியாகத்தான் கடக்க வேண்டும்’ என்று ராஜா உத்தரவு போட்டிருந்தார். பாலம் கட்ட உத்தரவு போட மறந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அக்கரைக்காரர்கள். உத்தரவு காதில் விழாததால் கல்யாணப் பெண்ணை எப்படியோ கூட்டிப்போய்விட்டார்கள். அதன்பிறகு உலகம்மை ஆற்றில் கால் வைத்தாலே, “உத்தரவை மீறாதட்டி!” என்று இக்கரையிலிருந்தே விரட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவார் குழந்தைவேலு. பாசம் அவ்வளவு.

ஒருநாள் தமுக்கு அடித்துக்கொண்டு ராஜாவின் ஆள் வந்தான். நாட்டை முன்னேற்ற ராஜா புதிதாகத் தொழில் கொள்கை வகுத்திருக்கிறாராம்.

“இளந்தொழிலைப் பச்சைக் குழந்தைபோலப் பேண வேண்டும்! தொழிலும் இலக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்! எதுவும் குறுக்கே வரக்கூடாது! நடத்திக் காட்டும் ஊர் கேட்டதை ராஜா கொடுப்பார்!”

கேட்பதற்குக் குழந்தைவேலுவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பாலம்.

ஊரில் இருந்த தொழிலும் ஒன்றே ஒன்றுதான். பலவேசம் அந்தத் தை மாதம்தான் எண்ணெய்ச் செக்குப் போட்டிருந்தான். ஊரே அங்கே கூடியது. மாடு செக்கைச் சுற்றிக்கொண்டிருந்ததைக் குழந்தைவேலு கொஞ்சநேரம் பார்த்தார். தலை சுற்றிவிட்டது.

“என்னவே பலவேசம், உம்ம மாடு வட்டம்லா போடுது! நேர்கோடு எங்கவே?”

“அது பழக்கின நாளிலேருந்து அப்படித்தான் அண்ணாச்சி.”

“கொள்கை மாறிட்டுல்லா? மாட்டுக்கு யாராவது சொன்னியளா?”

யாரும் சொல்லவில்லை. எல்லோரும் வெட்கப்பட்டார்கள். தமுக்குக்காரன் வந்தபோது மாடு வைக்கோல் தின்றுகொண்டிருந்ததைப் பலவேசம் நினைவுபடுத்தினான். பாவம், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை என்று முடிவானது.

“சரி, இலக்குன்னா என்ன?” என்றார் குழந்தைவேலு.

“போய்ச் சேர வேண்டிய இடம், அண்ணாச்சி.”

“நாம எங்கவே போய்ச் சேரணும்?”

“நீங்க அக்கரைக்கு. நான் மத்தியானச் சோத்துக்கு.”

மணியக்காரர் என்ற மரியாதைக்காக அக்கரையையே வைத்துக்கொண்டார்கள். செக்கிலிருந்து ஆற்றுக்கு நேராகக் கயிறு பிடித்தார்கள். மாட்டைச் செக்கிலிருந்து அவிழ்த்து, கயிற்றோரமாக ஓட்டினார்கள். அது ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. ‘இலக்கை எட்டியது’ என்று அன்றே அரண்மனைக்குச் சொல்லியனுப்பினார்கள். மாடு தினமும் இலக்கை எட்டிக் கொழுத்தது.

அடுத்தது குழந்தை. கல்செக்கைத் தூக்கித் தொட்டிலில் போட முடியவில்லை. ஆகவே செக்குலக்கையைக் கழற்றி, குளிப்பாட்டி, நெற்றியில் மை வைத்து, பழைய சேலையில் தொட்டில் கட்டிப் போட்டார்கள். பேரனுக்குப் பாட வேண்டிய தாலாட்டையெல்லாம் குழந்தைவேலு உலக்கைக்குப் பாடினார்.

எண்ணெய் வாங்கக் கிண்ணத்தோடு யாராவது வந்தால், “உஷ்! இப்பத்தான் கண் அசந்துது” என்று பலவேசம் விரலை உதட்டில் வைப்பான். வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்து, “அப்பனையே உரிச்சு வச்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஊரில் தாளிப்பு வாசனை நின்றே போயிற்று.

பௌர்ணமியன்று மந்திரி வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். செக்கு, கயிறு, மாடு, ஆறு, எல்லாம் ஒரே நேர்கோடு.

“எண்ணெய்?” என்று கேட்டார்.

“அதைப் பத்திக் கொள்கையிலே ஒண்ணும் சொல்லலீங்களே சாமி,” என்றார் குழந்தைவேலு பணிவாக.

மந்திரி யோசித்துப் பார்த்தார். உண்மைதான், சொல்லவில்லை. “சொன்னதைச் சொன்னபடி செய்த ஊர் இது ஒன்றுதான்!” என்று குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டார். மறுவாரமே, குழந்தைவேலு கேட்டபடி பாலம் கட்டக் கல்லும் மரமும் கொத்தனார்களும் வந்து இறங்கினார்கள்.

“ஆத்துக்குக் குறுக்கே எந்த இடத்துல போடட்டும்?” என்று கேட்டார் தலைமைக் கொத்தனார்.

குழந்தைவேலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “குறுக்கேயா! எதுவும் குறுக்கே வரக்கூடாதுன்னு ராஜா சொல்லியிருக்காருவே! கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாமப் பண்ணிராதீரும். ஆத்தோட நேராப் போடும்!”

கொத்தனாருக்குக் கூலி எப்படிப் போட்டாலும் ஒன்றுதான். ஆற்றுக்குள்ளே இக்கரையோரமாக, ஆறு போகிற திக்கிலேயே பாலம் நீண்டுகொண்டே போனது. அழகான பாலம். ஏறுவதும் இக்கரையில், இறங்குவதும் இக்கரையில்.

பாலம் திறந்த அன்று குழந்தைவேலு புதுவேட்டி கட்டி, பேரனுக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு ஏறினார். நடந்தார், நடந்தார், பாலம் தீரும்வரை நடந்தார். இறங்கிப் பார்த்தால் மட்டிக்குறிச்சி. திரும்ப நடந்தார். மறுபடியும் மட்டிக்குறிச்சி. அக்கரையில் மகளும் கூடவே நடந்து நடந்து கால் ஓய்ந்துவிட்டாள். கடைசியில் சேலையைத் தூக்கிச் செருகி, பிள்ளையை இடுப்பில் வைத்து, சளக் சளக்கென்று ஆற்றில் நடந்து வந்து, பாலத்து மேலேறி, மகனை அவர் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க யப்பா, உங்க பேரன்!”

குழந்தைவேலுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளையை மார்போடு அணைத்தார், முத்தமிட்டார், மிட்டாயை வாயில் வைத்தார். பிறகுதான் உத்தரவு ஞாபகம் வந்தது.

“ஏட்டி உலகு, பாலத்து வழியாத்தானே கடக்கணும்? நீங்க தண்ணியில வந்துட்டிய. இது வந்த கணக்கு ஆகாதுல்லா?”

மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். குழந்தைவேலு பேரனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாலத்தின் ஓரத்துக்குப் போனார். அக்கரையைக் கைநீட்டிக் காட்டினார்.

“அழாத ராசா. அந்தா பாரு, அங்கதான் நீ இருக்கே. வந்துருவே, வந்ததும் தாத்தா உன்னைத் தூக்கி வச்சிக்கிடுதேன்.”