பத்தாயிரம் வராகன் முறுக்கு

மணிமுத்தாபுரத்தில் காற்பந்துப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம் அது. வைக்கோல் அடைத்த தோல் பந்து. தலையில் பட்டால் இரண்டு நாளைக்குக் காது கேட்காது. ஆனாலும் ஊரே மைதானத்தில்தான் கிடந்தது.

பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு குழு வைத்துக்கொண்டு, போட்டி போட்டு ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கினார்கள். ஒருவர் நஞ்சையை விற்றார். இன்னொருவர் மனைவியின் ஒட்டியாணத்தை அடகு வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகப் பயந்து கோல் கம்பத்தடியிலேயே படுத்துக்கொண்டார்.

ராஜா கண்டராதித்தர் சட்டம் போட்டார். "மைதானத்தில் என்ன வருமானமோ, அதற்குள்தான் ஆள் வாங்க வேண்டும். மீறினால் ஒரு வருஷம் ஆடக் கூடாது. ஒவ்வொரு குழுவும் தன் ஆட்டக்காரனுக்கு விலை எழுதி வைக்க வேண்டும். அந்த விலையை யார் நீட்டினாலும் ஆளை விட்டுவிட வேண்டும். கணக்கு ஏடுகளை உலகம்மை பார்ப்பாள்."

உலகம்மை சபையின் விகடக்காரி. வாயும் கூர்மை, கண்ணும் கூர்மை.

தளபதி மழவராயரின் புலிக் குழு மூன்று வருஷமாக ஓடக்காரர் குழுவிடம் தோற்றுக்கொண்டிருந்தது. காரணம் கொம்பையா என்கிற ஓடக்காரன். பந்து அவன் காலுக்கு வந்தால் கோல்தான். அவனுக்கு எட்டாயிரம் வராகன் என்று விலை எழுதியிருந்தார்கள். அவ்வளவு பணத்தை எவன் கண்டான் என்கிற தைரியம்!

புலிக் குழுவின் வருஷ வருமானமே அறுநூறு வராகன். ஆனால் அந்த மாதம் தளபதி கொண்டுவந்த ஏட்டில் பத்தாயிரத்து அறுநூறு என்று இருந்தது.

"இந்தப் பத்தாயிரம் எப்படி வந்தது தளபதியாரே?" என்றாள் உலகம்மை.

"மைதானத்தில் எங்கள் கடையில் முறுக்கு விற்றோம்."

"எத்தனை முறுக்கு?"

"ஒன்று."

"யார் வாங்கினார்கள்?"

"என் மாமியார்."

"அவருக்குத்தான் பல்லே கிடையாதே!"

"ஆசைக்குப் பல் எதற்கு?" என்று மீசையை முறுக்கினார் தளபதி. "சட்டத்தில் முறுக்குக்கு இன்ன விலை என்று எங்கேயாவது இருக்கிறதா?"

ராஜா சுவடியைப் புரட்டிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. "சரி, நாளைக் காலையில் கொம்பையாவைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார் மனசில்லாமல்.

சபைக்கு வெளியே கொம்பையா உலகம்மையின் காலில் விழுந்தான்.

"அம்மா, என்னை அங்கே அனுப்பாதீங்க! ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் தளபதி தன் சொந்தப் பாட்டைப் பாடுவாராம். முழுசாக் கேக்கணுமாம்!"

"எத்தனை அடி?"

"நானூறு!"

உலகம்மைக்கு மனசு இளகிவிட்டது. "எழுந்திரு. உங்க குழுக்கிட்ட கையில எவ்வளவு இருக்கு?"

"பத்துக் காசுதாம்மா."

"போதும், கொடு."

மறுநாள் காலை சபை கூடியது. உலகம்மை ஒரு பித்தளைத் தட்டைக் கொண்டுவந்து தளபதியின் முன்னால் வைத்தாள். தட்டில் பத்து முறுக்கு.

"எனக்கா?" என்று கையை நீட்டினார் தளபதி.

"உங்களுக்கேதான். உங்கள் கடையில் வாங்கியது. உங்கள் ஏட்டின்படி ஒரு முறுக்கு பத்தாயிரம் வராகன். பத்து முறுக்கு ஒரு லட்சம். உங்கள் ஆட்டக்காரர் பதினொரு பேருக்கும் தலைக்கு ஒன்பதாயிரம் என்று நீங்களே விலை எழுதியிருக்கிறீர்கள். ஆக மொத்தம் தொண்ணூற்றொன்பதாயிரம். இந்தத் தட்டைக் கொடுத்து ஓடக்காரர்கள் உங்கள் ஆட்கள் பதினொரு பேரையும் வாங்கிக்கொள்கிறார்கள். மீதி ஆயிரம் வராகனைக் கொடுத்துவிடுங்கள். அவசரமில்லை, முறுக்கைத் தின்றுவிட்டே கொடுக்கலாம்."

தளபதி துள்ளி எழுந்தார். "என்ன விளையாடுகிறாயா? பத்து முறுக்குக்கு என் குழுவா? ஒரு முறுக்கு ஒரு காசு கூடப் பெறாதே!"

தளபதி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

உலகம்மை எழுத்தாணியை எடுத்தாள். "ஒரு காசு என்றே எழுதிக்கொள்ளட்டுமா, தளபதியாரே? இல்லை, பத்தாயிரம்தான் என்றால் ஆட்டக்காரர்களை வெளியே வரச் சொல்லுங்கள்."

"ஒரு காசுதான்" என்றார் தளபதி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. மாமியார் பணம் மாமியாருக்கே திரும்பியது. கொம்பையா ஓடக்காரர்களோடு ஆற்றுக்கு ஓடியே போய்விட்டான்.

"உலகம்மை! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பொன்னெல்லாம் வேண்டாம் மகாராஜா. இன்னும் ஓர் ஏடு பாக்கி இருக்கிறது. அதைப் பார்க்க அனுமதி கொடுத்தால் போதும்."

"தாராளமாகப் பார்! யாருடைய ஏடு?"

"தங்களுடைய அரண்மனைக் குழுவின் ஏடுதான். போன வாரம் மகாராணியார் மைதானத்தில் ஒரு குவளைப் பானகம் குடித்தாராமே? முப்பதாயிரம் வராகனுக்கு?"

ராஜா சிரிப்பை நிறுத்தினார். கிரீடத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சபை கலையலாம்!" என்றார்.