டீன் கையில் குழந்தை

"மருந்து எப்படி நோயாளி கைக்குப் போய்ச் சேருதுன்னும் ஒரு பாடம் வைங்க, சார்" என்று மாணவர்கள் கேட்டபோது டீன் வேதமாணிக்கம் சிரித்தார். "அது பியூன் வேலை. டாக்டர் எழுதினா போதும்."

அன்று வார்டில் ரெஜினாவின் கைக்குழந்தைக்கு ஜுரம் கொதித்தது. ஒருமுறை வலிப்பும் வந்துவிட்டது. டீன் ஊசி மருந்து எழுதி நீட்டினார். "சீக்கிரம் வாங்கிட்டு வாம்மா. தாமதமானா நான் பொறுப்பில்ல."

ரெஜினா குழந்தையை வாரி எடுத்தாள். "அதுவரைக்கும் பிள்ளையை நீங்க வச்சுக்குங்க, சார்" என்று அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

நேரம் போனது. குழந்தையின் விரல்கள் வெட்டி இழுத்தன. டீன் குழந்தையோடு மருந்து கவுன்ட்டருக்கே ஓடினார். அங்கே நீண்ட வரிசையின் முன்னால் ரெஜினா வெறுங்கையோடு நின்றாள்.

கவுன்ட்டர்காரர் தலை நிமிரவில்லை. "சீட்டுல சீல் இல்ல. தர முடியாது."

"சீல் எங்கேம்மா?" என்று டீன் ரெஜினாவிடம் கேட்டார்.

"மாடி அறையில பூட்டியிருக்கு, சார்."

"சாவி?"

"உங்ககிட்டதான். சீல் திருடு போகுதுன்னு நீங்கதான் வாங்கி வச்சிருக்கீங்களாம். காலையிலயும் சீல் இல்லாம ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பினாங்க, உங்ககிட்ட சொல்ல வந்தேன். பியூன்கிட்ட சொல்லுன்னீங்க. நீங்களே வருவீங்கன்னுதான் பிள்ளையைக் கொடுத்தேன்."

டீன் குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, சாவியோடு மாடிக்கு ஓடினார். ஊசி போட்டு, குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

"பாடத்தை எப்ப ஆரம்பிக்கலாம், சார்?" என்றான் பின்னாலேயே வந்திருந்த ஒரு மாணவன்.

"இப்பவே. எல்லாரும் போய் அந்த வரிசையில நில்லுங்க."