பேர் சொன்னால் கிளம்பும் வண்டி

பச்சைமலைமேல் ஊற்றுப்பட்டியில் தில்லைக்கண்ணு அம்மாவின் குடில் இருந்தது. குடில் என்றதும் தாடியையும் புலித்தோலையும் தேட வேண்டாம். இரண்டு அறை, ஒரு கிணறு, வெயிலுக்கு ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அவ்வளவுதான்.

அம்மாவுக்கு வயது நாற்பத்து நான்கு. சீடர் மாசிலாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கரண்ட் போனால் எந்தக் கம்பத்தில் பழுது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியவர். அவரைச் சீடர் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. மாசிலாமணி தானாகவே சொல்லிக்கொண்டதுதான். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவார்.

மோட்டார் சைக்கிள் அம்மாவின் கணவர் வைத்திருந்தது. அவர் காலமான பிறகு அம்மாவே அதை ஓட்டிக்கொண்டு மலை ஊர்களுக்கெல்லாம் போய்வந்தார். மாத்திரை வாங்கி வருவது, பேறுகாலப் பெண்களைக் கொண்டுபோய் விடுவது என்று அந்த வண்டி பார்க்காத வேலை கிடையாது.

ஆவணி மாதம் அம்மாவின் தங்கைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. உடனிருந்து பார்த்துக்கொள்ள அம்மா கிளம்பினார். போகும்போது வண்டிச் சாவியை மாசிலாமணியிடம் கொடுத்து, யாருக்காவது அவசரமென்றால் உதவும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

மாசிலாமணி சாவியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பார்த்துக்கொள்ளச் சொன்னால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே. அவர் கும்பிடவே ஆரம்பித்துவிட்டார். தினமும் துடைத்தார். வெள்ளிக்கிழமை வந்தால் வண்டிக்குக் குளியல். பிறகு விளக்கின்மேல் சந்தனம், பெட்ரோல் தொட்டியின்மேல் சந்தனம், தொட்டி மூடியின்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஒவ்வொரு பொட்டுக்கும் வாய்விட்டு, "தில்லைத் தாயே துணை" என்பார். குளிப்பாட்டும்போதும் பூசிய பொட்டைக் கழுவி மண்ணில் விட மனம் வராது. அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேலேயே புதிதாகப் பூசுவார்.

இரண்டாவது வெள்ளிக்குப் பிறகு வண்டி முரண்டு பிடிக்கத் தொடங்கியது.

குடிலிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. கொஞ்ச தூரம் நன்றாக ஓடும். பிறகு திக்கும், திணறும், பெட்ரோல் தீர்ந்ததுபோல் அடங்கி நின்றுவிடும். மாசிலாமணி இறங்கி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் பளபளவென்று ஆடிக்கொண்டிருக்கும். மூடியை மூடிவிட்டு உதைத்தால் கிளம்பும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அதே கதை.

அம்மாவைப் பிரிந்த ஏக்கம்தான் வண்டிக்கு என்று அவர் முடிவு கட்டினார். இருந்தாலும் அடிவாரத்து மெக்கானிக் ஆரோக்கியத்திடம் ஒருமுறை காட்டினார். ஆரோக்கியம் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பெட்ரோல் ட்யூபை மாற்றினான். ப்ளக்கைத் தேய்த்துப் போட்டான். தொட்டியைக்கூட அலசினான். சந்தனப் பொட்டில் மட்டும் கைபடாமல் பார்த்துக்கொண்டான். சாமி காரியத்தில் நாம் கை வைக்கக் கூடாது என்று அவனுக்கும் ஒரு பயம்.

திரும்பி மலை ஏறும்போது வண்டி நின்றது. மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. வழக்கம்போல் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு "தில்லைத் தாயே துணை" என்று சொல்லி உதைத்தார். ஒரே உதை. வண்டி உறுமியது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதற்குப் பிறகு எப்போது நின்றாலும் அதேதான் செய்தார். திறந்து பார்ப்பார், மூடுவார், பேரைச் சொல்வார், உதைப்பார். ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை.

இப்படி ஒன்று கிடைத்தால் யார்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்? சில நாளில் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. பேர் சொன்னால் கிளம்பும் வண்டி. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையை சீட்டில் உட்காரவைத்து எடுத்துப்போனாள். மாசிலாமணியின் நடையே மாறிவிட்டது. ஒன்றிரண்டு பேர் அவர் காலிலும் விழுந்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தார், விழுந்து முடித்த பிறகு.

அம்மா திரும்பிவர வேண்டிய நாளும் வந்தது.

அன்று காலை ஊற்றுப்பட்டி பால் சங்கத்தின் முன்னால் கூட்டமாக இருந்தது. இளஞ்சியத்துக்கு மூச்சு இழுப்பு. முப்பது வயதுப் பெண். அவ்வப்போது வருவதுதான், ஆனால் இந்த முறை நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்க்கவே முடியவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு மலையிறங்கித்தான் போக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் கீழேயிருந்து ஏறி வரவே நேரமாகும் என்றார்கள்.

நல்லவேளையாகப் பால் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஓட்டுகிற பையன் முன்சீட்டிலிருந்த சாமான்களைத் தூக்கிப் பின்னால் போட்டு இடம் பண்ணிவிட்டான். இளஞ்சியத்தின் அண்ணன் வெள்ளையன் அவளைத் தூக்கி உட்காரவைக்கப் போனான்.

அப்போது மாசிலாமணி மோட்டார் சைக்கிளோடு வந்துசேர்ந்தார்.

பால் வண்டி மலையிறங்கியதும் நாலு இடத்தில் கேன் ஏற்ற நிற்கும், இது நேராகப் போய்விடும் என்றார். அது உண்மைதான். ஆனால் அவர் மனதில் ஓடியது அது மட்டுமில்லை. அம்மா இன்றைக்கு வருகிறார். அவருடைய பேர் ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று இளஞ்சியமே தன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் மாசிலாமணி நிற்க வேண்டும்.

வெள்ளையன் தயங்கினான்.

"அம்மா வண்டிடா இது," என்றார் மாசிலாமணி. பையனைப் பார்த்து, "நீ போப்பா, நான் பாத்துக்கறேன்," என்றார்.

பால் வண்டி போய்விட்டது. இளஞ்சியத்தை நடுவில் உட்காரவைத்து, வெள்ளையன் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, மாசிலாமணி வண்டியை எடுத்தார்.

முக்கால் மலை இறங்கி, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக, உருட்டிவிட முடியாதபடி பாதை மேடேறும் வளைவில், வண்டி நின்றது.

அவர் பதறவில்லை. நிற்கும் என்று தெரியும், கிளம்பும் என்றும் தெரியும். முந்தின நாள்தான் தொட்டியை நிரப்பியிருந்தார். இன்றைக்குப் போய்த் திறந்து பார்ப்பது அம்மாவைச் சந்தேகப்படுவதாகும் என்று நினைத்தார். அதனால் திறக்கவில்லை. பேரைச் சொல்லி உதைத்தார்.

வண்டி கிளம்பவில்லை.

இன்னும் உரக்கச் சொல்லி உதைத்தார். வெள்ளையனும் சேர்ந்து சொன்னான். ரிசர்வில் போட்டுப் பார்த்தார். சோக்கை இழுத்துப் பார்த்தார். உதைத்து உதைத்துக் கால் நடுங்கியது. போனில் சிக்னல் இல்லை. மேலேயும் கீழேயும் ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. காலையில் அந்தப் பாதையில் போகிற ஒரே வண்டி பால் வண்டி.

இளஞ்சியத்தின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவளால் பேச முடியவில்லை. கண் மட்டும் மாசிலாமணியையே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளையன் பேர் சொல்வதை நிறுத்திவிட்டான்.

மாசிலாமணி சொல்லிக்கொண்டிருந்த பேர் அழுகையில் பாதியாகவும் முக்காலாகவும் வந்தது. ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த தெய்வம் இப்போது மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் கீழ்வளைவில், தோளில் துணிப்பையோடு, மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

மாசிலாமணி அலறியேவிட்டார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இளஞ்சியத்தின் முகத்தைப் பார்த்தார். நேராக வண்டியிடம் போய் மூடியைத் திருகினார்.

உஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டது. மூவரும் கேட்டார்கள்.

அம்மா மூடியை முழுதாக இறுக்காமல் சும்மா வைத்தார். பெட்ரோல் இறங்கட்டும் என்று சற்று நின்றார். பிறகு உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது.

"அண்ணே, நீங்க இங்கயே இருங்க," என்று துணிப்பையை மாசிலாமணியின் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

மாசிலாமணி அந்த வளைவிலேயே ஒரு பாறையில் உட்கார்ந்தார். மேலே ஏறிப் போகவும் தோன்றவில்லை, கீழே இறங்கவும் தோன்றவில்லை. அம்மா ஒரு பேரையும் சொல்லவில்லை. கண்ணை மூடவில்லை. மூடியைத் திருகினார், அவ்வளவுதான். கம்பத்தின் உச்சியில் நிற்கும்போது இடுப்புக் கயிறு அவிழ்ந்தவன்போல் அவருக்கு இருந்தது. இளஞ்சியத்தின் கண் வேறு எதிரிலேயே நின்றது. அவள் செத்துப்போயிருந்தால் என்று ஒருமுறை நினைத்தார். அதற்கு மேல் நினைக்க அவரால் முடியவில்லை.

வெயில் சாயும்போது அம்மா திரும்பி வந்தார். வண்டியை அவர் முன்னால் நிறுத்தினார்.

"இளஞ்சியம்?" என்றார் மாசிலாமணி.

"மூச்சு சீராயிடுச்சு. ரெண்டு நாள் இருக்கணும்னாங்க."

மாசிலாமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டதையும், வெள்ளையன் தலையைக் குனிந்துகொண்டதையும் அம்மா சொன்னார். அவர் அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

பிறகு மாசிலாமணி நடந்ததையெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் பேர் சொன்னதும் கிளம்பியது, இன்றைக்கு மட்டும் கிளம்பவில்லை, நான் என்ன குற்றம் செய்தேன் என்று கேட்டார்.

"பேர் சொல்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கான்னு பாப்பேன்."

"இன்னிக்கு?"

"பாக்கலை," என்றார்.

அம்மா மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினார். பொட்டு இருக்கும் இடத்தில் குத்திப் பார்க்கச் சொன்னார். மாசிலாமணி குத்தினார். காய்ந்து கல்லாகிக் கிடந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. அதனடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருந்தது.

"இது வழியா காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ இறங்கும்," என்றார் அம்மா. "எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தப்ப அவர் முதல்ல காட்டுனது இந்த ஓட்டையைத்தான்."

மாசிலாமணி உள்ளங்கையில் கிடந்த சந்தனப் பொடியைப் பார்த்தார். அது அவர் அரைத்த சந்தனம். அவர் கைப்படப் பூசியது. வண்டியின் கழுத்தை நெரித்ததும் அதுதான்.

"உங்க பேரைச் சொல்லித்தாம்மா பூசினேன்," என்றார்.

"தெரியுது."

மாசிலாமணி மூடியைத் துடைத்தார். துளையில் வாய்வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது. மூடியைப் போட்டு இறுக்கினார். காரணம் தெரிந்ததில் மனம் கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது. போகப்போக அவர் முகத்தில் பழைய பக்தியும் எட்டிப் பார்த்தது.

"அம்மா, சந்தனம் என் முட்டாள்தனம். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை."

"கேளுங்க."

"இந்த வளைவுல நின்னு உங்க பேரைத்தான் கத்திக்கிட்டு இருந்தேன். கீழ பார்த்தா நீங்க வர்றீங்க. இங்க போனும் எடுக்கலை. நாங்க இந்த வண்டியில வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதையும் வெறும் காத்துன்னு சொல்லுவீங்களா?"

அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் மாசிலாமணிக்கு இடம் விட்டார். அவர் ஏறாமல் பதிலுக்காக நின்றார்.

"அடிவாரத்துல பஸ்ஸை விட்டு இறங்கினேன் அண்ணே. பால் வண்டி வந்துச்சு. எப்பவும் சாமான் அடைஞ்சு கிடக்கற முன்சீட்டு துடைச்சுவிட்டாப்பல காலியா இருந்துச்சு. யாருக்குப்பா இடம்னு அந்தத் தம்பியைக் கேட்டேன்."