கோதிக்குக்குப் பொதுப்பொருள்

கோதிக் பாணியில் கட்டிய அந்தத் தேவாலயத்தைக் கூட்டுகிற மரியபுஷ்பம்தான் வருகிறவர்களுக்குச் சுற்றியும் காட்டுவாள். பேராசிரியர் தேவசகாயத்துக்கு அது பொறுக்கவில்லை. வாசலில் நின்று முழங்கினார்.

"கோதிக் என்பது ஒரு பழைய இனத்தின் பெயரிலிருந்து வந்த சொல். இத்தாலிக்காரனுக்கு அது காட்டுமிராண்டி என்கிற வசை. ஆங்கிலேயனுக்குப் பேய்க்கதை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கறுப்பு உடை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு பொருள் சொல், பார்ப்போம். தெரியாவிட்டால் துடைப்பத்தோடு நிறுத்திக்கொள்!"

"உள்ள வாங்கய்யா, சொல்றேன்."

உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். கல்தூண்கள் கண்ணுக்கெட்டாத உயரத்தில் போய்க் கைகோத்திருந்தன. வண்ணக் கண்ணாடி வழியே வெயில் நீலமாக இறங்கியது.

"சரி, சொல்லும்மா" என்றார் கிசுகிசுப்பாக.

"வாசல்ல அந்தச் சத்தம் போட்டீங்களே, இப்ப குரலைக் குறைக்கச் சொன்னது யாருங்கய்யா? எந்த நாட்டுக்காரங்க வந்தாலும் இங்க இப்படித்தான்."

மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தார். அண்ணாந்த தலை இறங்கவில்லை. திறந்த வாயும் மூடவில்லை.